ஜனாதிபதி கையெழுத்துப் போட மறுத்தால் சட்டம் செத்துவிடுமா?

2002 பிப்ரவரியில் மொரீஷியஸ் சட்டமன்றம் நிறைவேற்றிய ஒரு மசோதா, ஜனாதிபதி மாளிகை இருக்கும் ரெதுயிக்குப் போனது. ஜனாதிபதி காசாம் ஊத்தீம் அதில் கையெழுத்துப் போட மறுத்துப் பதவியை விட்டு விலகினார். அந்தப் பொறுப்பு, உப ஜனாதிபதியாக இருந்த அங்கிடி செட்டியாரிடம் வந்தது. அவரும் மாட்டேன் என்று விலகினார். மூன்றாவதாகத் தலைமை நீதிபதி அரிரங்க கோவிந்தசாமிப் பிள்ளை பொறுப்பு ஜனாதிபதியாகி, கையெழுத்தைப் போட்டார். 2002-ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் வந்த வழி இதுதான்.

மறுத்த செட்டியாரும் நம்மவர், போட்ட பிள்ளையும் நம்மவர். அதனாலோ என்னவோ, தமிழர்கள் கூடும் இடத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் லேசில் முடியாது. ஒருவர், "ரெண்டு பேர் வேணாம்னு ஒதுக்கின தாள் எப்படிச் சட்டமாகும்?" என்பார். இன்னொருவர், "கையெழுத்து விழுந்தாச்சு, அரசிதழில் வந்தாச்சு, அப்புறம் என்ன கேள்வி?" என்பார். முதலாமவர் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர், இரண்டாமவர் எந்தக் கட்சி என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஆனால் இரண்டு பேர் சொல்வதும் தப்பு. எப்படி என்று பார்ப்போம்.

கோவில் சங்கத்தின் தீர்மானப் புத்தகம்

ஒரு கோவில் சங்கம். நிர்வாகக் குழு கூடி, தைப்பூசக் காவடிக்கு முன்னால் கோபுரத்துக்கு வண்ணம் அடிக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. செயலாளர் தீர்மானப் புத்தகத்தில் எழுதுகிறார். தலைவர் கையெழுத்திட்டால்தான் பேங்கில் பணம் எடுக்க முடியும். தலைவருக்கோ இந்தச் செலவில் இஷ்டமில்லை.

அவர் என்ன செய்யலாம்? அது அவருடைய கோபத்தையோ குழுவின் அவசரத்தையோ பொறுத்ததில்லை, சங்கத்தின் விதிகளைப் பொறுத்தது. "தலைவர் ஒரு தடவை திருப்பி அனுப்பி மறுபடி யோசிக்கச் சொல்லலாம், குழு மறுபடியும் அதையே முடிவு செய்தால் கையெழுத்திட வேண்டும்" என்று விதி இருந்தால், அந்த ஒரு தடவைதான் அவருக்கு. அதற்குப் பிறகும் மனசு ஒப்பவில்லை என்றால் ராஜினாமா செய்யலாம். ராஜினாமா செய்வதால் தீர்மானம் ரத்தாகாது. உபதலைவர் கையெழுத்திடுவார். அவரும் போய்விட்டால், விதியில் அடுத்து யார் பெயர் இருக்கிறதோ அவர்.

இப்போது வேறொரு தீர்மானம். கோவில் நிலத்தை விற்க அதே குழு முடிவு செய்கிறது. நிலம் விற்க வேண்டுமானால் பொதுக்குழுவின் சம்மதம் வேண்டும் என்று விதியில் இருக்கிறது. பொதுக்குழுவைக் கூட்டவேயில்லை. தலைவர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த விற்பனை நிற்குமா? நிற்காது. கையெழுத்தில் ஒரு குறையும் இல்லை, அதற்கு முன்னால் நடந்திருக்க வேண்டியது நடக்கவில்லை.

ஆக, கையெழுத்துப் போட்டவருக்கு அந்த இடத்தில் உட்கார உரிமை இருந்ததா என்பது ஒரு கேள்வி. மறுக்க அவருக்கு இடம் இருந்ததா என்பது வேறொரு கேள்வி. அவர் முன் வந்த தாள் சரியான வழியில் வந்ததா என்பது மூன்றாவது. நாட்டுச் சட்டங்களில் சண்டை வரும்போது கட்சிக்காரர்கள் இந்த மூன்றையும் ஒரே கேள்வியாக்கிவிடுகிறார்கள்.

மசோதா எப்போது சட்டமாகிறது?

சட்டமன்றத்தில் வாக்கெடுப்பு முடியும்வரை, ஏன், முடிந்த பிறகும்கூட அது மசோதாதான், அதாவது சட்டமாகக் காத்திருக்கும் முன்வரைவு. ஜனாதிபதி "சம்மதிக்கிறேன்" என்று எழுத்தில் தெரிவிப்பது ஒப்புதல். ஒப்புதல் கிடைத்த கணத்தில் மசோதா சட்டமாகிறது. பிறகு அது அரசிதழில் வர வேண்டும். அரசு தன் முடிவுகளை ஊரறியச் சொல்லும் அதிகாரபூர்வ வெளியீடுதான் அரசிதழ், கெஜட் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். அதில் வராத சட்டம் எவர் மீதும் பாயாது.

மொரீஷியஸ் சட்டம் ஏதாவது ஒன்றின் முதல் பக்கத்தைப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். தலைப்பு, சட்ட எண், அதன் கீழே நான் ஒப்புதல் அளிக்கிறேன் என்ற ஒரு வரி, பெயர், பதவி, தேதி. பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் 2002-இன் 2-ஆம் எண் சட்டம். அதில் பிள்ளையின் பெயருக்குக் கீழே தலைமை நீதிபதி என்று இருக்காது, பொறுப்பு ஜனாதிபதி என்றுதான் இருக்கும். இது ஏன் முக்கியம் என்பது கொஞ்ச நேரத்தில் புரியும்.

மறுக்க முடியுமா, முடியாதா?

மொரீஷியஸ் ஜனாதிபதி அமெரிக்க ஜனாதிபதி மாதிரி இல்லை. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. பிரதமர் முன்மொழிய, சட்டமன்றம் பெரும்பான்மையில் தேர்ந்தெடுக்கிறது. பெரும்பாலான விஷயங்களில் அவர் அமைச்சரவை சொல்கிறபடிதான் நடக்க வேண்டும். ஒப்புதல் விஷயத்தில் மட்டும் அரசியல் சாசனத்தின் 46-ஆம் பிரிவு அவருக்குக் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறது.

அந்த இடம் எவ்வளவு? வரி, அரசுச் செலவு பற்றிய பண மசோதாவில் இல்லை. முறைப்படி நிறைவேறியதாக சபாநாயகர் சான்று கொடுத்த அரசியல் சாசனத் திருத்தத்திலும் இல்லை. மற்ற மசோதாக்களில், சட்டமன்றம் இதை மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்று அவருக்கே சொந்தமாகத் தோன்றினால் ஒப்புதலை நிறுத்தி வைக்கலாம். நிறுத்தி வைத்தால், மசோதா தன்னிடம் வந்த 21 நாளுக்குள் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். சட்டமன்றம் அதை மாற்றியோ மாற்றாமலோ மறுபடி நிறைவேற்றி அனுப்பினால், இந்தத் தடவை ஒப்புதல் தந்தே ஆக வேண்டும். மறுபேச்சுக்கு இடமில்லை.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு இங்கே ஆளுநர் ஞாபகம் வரும். அங்கே சண்டை முக்கியமாகக் காலக்கெடு பற்றியது. இந்திய சாசனத்தில் ஆளுநருக்கு இத்தனை நாள் என்று எண் இல்லை. 2025 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம், தமிழ்நாடு ஆளுநர் நிறுத்தி வைத்திருந்த 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும் என்றது. அதே ஆண்டு நவம்பரில், ஜனாதிபதி கேட்ட கேள்விகளுக்குப் பதிலளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு அப்படிக் கருத முடியாது என்றது. மொரீஷியஸில் அந்தக் குழப்பத்தில் பாதி இல்லை, ஏனென்றால் 21 என்ற எண் சாசனத்திலேயே இருக்கிறது. மீதிப் பாதி இங்கேயும் உண்டு. ஒரு ஜனாதிபதி 21 நாளும் தாண்டிப் பேசாமல் இருந்துவிட்டால் மசோதா தானாகச் சட்டமாகிவிடும் என்று 46-ஆம் பிரிவு சொல்லவில்லை.

இந்தப் பிரிவைப் படித்துவிட்டு 2002-ஐப் பார்த்தால் ஊத்தீம் செய்தது புரியும். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, பயங்கரவாதத்துக்கு எதிராகச் சட்டம் போடுங்கள் என்று ஐ.நா. பாதுகாப்புச் சபை எல்லா நாடுகளையும் நெருக்கிய காலம் அது. மொரீஷியஸ் மசோதாவில் பலரை உறுத்தியது, போலீஸ் பிடித்த ஒருவரை 36 மணி நேரம் வரை வக்கீலைப் பார்க்க விடாமல் வைத்திருக்கலாம் என்ற பகுதி. அப்போது ஆட்சியில் இருந்தது எம்.எஸ்.எம்., எம்.எம்.எம். என்ற இரண்டு கட்சிகளின் கூட்டணி. 2000 தேர்தலில் 62 தொகுதி இடங்களில் 54-ஐ வென்ற கூட்டணி அது. எத்தனை தடவை திருப்பி அனுப்பினாலும் அத்தனை தடவையும் நிறைவேற்றும் பலம் அவர்களிடம் இருந்தது. அப்படிப்பட்ட சபைக்கு எதிராக ஒரு ஜனாதிபதியால் மசோதாவைத் தாமதப்படுத்தத்தான் முடியும், தடுக்க முடியாது. கையெழுத்திட மனம் வராவிட்டால் நாற்காலியை விட்டு இறங்குவது ஒன்றுதான் மிச்சம். அவர் இறங்கினார்.

அது வெறும் கட்சி அரசியல் என்று சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஊத்தீம் எம்.எம்.எம். கட்சியில் இருந்து வந்தவர், அந்தக் கட்சி ஆட்சியிலேயே அமைச்சராக இருந்தவர். செட்டியார் தொழிலாளர் கட்சிக்காரர், அந்தக் கட்சியின் பொருளாளராக நெடுங்காலம் இருந்தவர். வேறு வேறு கட்சிகளில் வளர்ந்த இருவரும் ஒரே மசோதாவில் ஒரே முடிவுக்கு வந்தார்கள்.

இதுவரை பார்த்ததில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். மொரீஷியஸ் ஜனாதிபதியின் மறுப்பு மசோதாவை ஒரு தடவை திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். ராஜினாமா மனசாட்சியின் கணக்கில் பெரிய விஷயம், சட்டத்தின் கணக்கில் அது ஒரு காலி நாற்காலி.

நாற்காலியில் நீதிபதி உட்கார்ந்தால்

காலி நாற்காலியை யார் நிரப்புவது என்பதைச் சாசனமே சொல்கிறது. ஜனாதிபதி இல்லையென்றால் உப ஜனாதிபதி, அவரும் இல்லையென்றால் தலைமை நீதிபதி. பிள்ளை யாரும் புதிதாகக் கண்டுபிடித்து உட்கார வைத்த ஆள் இல்லை. பிப்ரவரி 18 முதல் 25 வரை அவர் அந்தப் பொறுப்பில் இருந்தார். 25-ஆம் தேதி சட்டமன்றம் கார்ல் ஓஃப்மனை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தது. பொறுப்பில் இருக்கும் வரை ஜனாதிபதியின் அதிகாரம் முழுவதும் அவருடையது, ஜனாதிபதிக்கு உள்ள கட்டுப்பாடு முழுவதும் அவருக்கும் உண்டு. அதனால்தான் அந்த முதல் பக்கத்தில் பொறுப்பு ஜனாதிபதி என்ற பதவிப் பெயர். "நீதிபதி எப்படிச் சட்டத்தில் கையெழுத்துப் போடலாம்?" என்று கேட்டால் பதில், அவர் நீதிபதியாகப் போடவில்லை.

சரி, சட்டப்படி செல்லும். ஆனால் அழகாக இருக்கிறதா? என்னைக் கேட்டால், இல்லை. மறுநாளே யாராவது அந்தச் சட்டம் சாசனத்துக்கு விரோதமானது என்று வழக்குப் போட்டிருந்தால், அது போய் நின்றிருப்பது இதே தலைமை நீதிபதி தலைமை தாங்கிய உச்ச நீதிமன்றத்தில். ஜனாதிபதி என்ற முறையில் சம்மதித்த சட்டத்தை நீதிபதி என்ற முறையில் அவரே எடை போட முடியுமா?

இந்தச் சிக்கல் இந்தியாவிலும் வந்திருக்கிறது. 1969 மே மாதம் ஜனாதிபதி ஜாகிர் உசேன் காலமானார். உப ஜனாதிபதி வி.வி. கிரி பொறுப்பேற்று, ஜூலை 19 அன்று வங்கிகளை நாட்டுடைமை ஆக்கும் அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மறுநாள் ஜனாதிபதி தேர்தலில் நிற்பதற்காக விலகினார். இரண்டு நாற்காலியும் காலி. இந்தியத் தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா பொறுப்பு ஜனாதிபதியானார். அந்த அவசரச் சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய வங்கிச் சட்டத்துக்கு ஆகஸ்டில் ஒப்புதல் தந்தவர் அவர்தான். ஆகஸ்ட் 24-இல் கிரி ஜனாதிபதியாக வந்ததும் ஹிதாயத்துல்லா நீதிமன்றத்துக்குத் திரும்பினார். அந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்கு வந்தது. 11 நீதிபதிகள் உட்கார்ந்து கேட்டார்கள், தலைமை நீதிபதி மட்டும் அந்த அமர்வில் இல்லை. 1970 பிப்ரவரியில் 10-க்கு 1 என்ற கணக்கில் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு. அவர் போட்ட கையெழுத்து சரியில்லை என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. சட்டத்துக்குள் இருந்தது சரியில்லை, பிற வங்கிகளை விட்டுவிட்டு 14 வங்கிகளை மட்டும் குறிவைத்ததும் இழப்பீடு கணக்கிட்ட முறையும் தவறு என்றார்கள்.

நமக்கு வேண்டிய வழி இதிலேயே இருக்கிறது. கையெழுத்திட்ட நீதிபதி ஒதுங்கிக்கொண்டு மற்றவர்களைக் கேட்க விடலாம். மொரீஷியஸுக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. இங்கே கடைசி மேல்முறையீடு இன்றும் லண்டனில் உள்ள பிரிவி கவுன்சிலுக்குப் போகிறது. பழைய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகள் சிலவற்றுக்கு இன்னும் உச்சபட்ச நீதிமன்றமாக இருக்கும் நீதிபதிகள் குழு அது.

கையெழுத்து சுத்தம், சட்டம் செல்லாது

இனி அந்த இரண்டாமவர், "கையெழுத்து விழுந்தாச்சு, அப்புறம் என்ன கேள்வி?" என்றவர். அவருக்கான பதில் மொரீஷியஸிலேயே இருக்கிறது.

1994-இல் அரசியல் சாசனத்தைத் திருத்தி, சில வகைப் போதைப்பொருள் வழக்குகளில் ஜாமீனே கிடையாது என்று சட்டம் சொல்ல இடம் கொடுத்தார்கள். திருத்தம் நிறைவேறியது, ஒப்புதல் கிடைத்தது, அரசிதழில் வந்தது. ஒருவரும் கையெழுத்தைச் சந்தேகிக்கவில்லை. அதை நம்பிப் பின்னால் வந்த போதைப்பொருள் சட்டத்தில் ஜாமீன் மறுப்பையும் எழுதினார்கள். வழக்கு மேலே மேலே போய், 2006-இல் பிரிவி கவுன்சில் அந்தத் திருத்தமே செல்லாது என்றது.

காரணம் சுவாரசியமானது. மொரீஷியஸ் சாசனத்தின் 1-ஆம் பிரிவு ஒரே ஒரு வாக்கியம்: இது இறைமையுள்ள ஜனநாயக நாடு. இந்தப் பிரிவை மாற்ற வேண்டுமானால் 47-ஆம் பிரிவு மிகக் கடுமையான வழியைச் சொல்கிறது. முதலில் பொதுவாக்கெடுப்பு வைத்து வாக்காளர்களில் முக்கால் பங்கினர் சம்மதிக்க வேண்டும், பிறகு சட்டமன்றத்தில் ஒருவர் விடாமல் எல்லா உறுப்பினரும் ஆதரிக்க வேண்டும். ஒருவரைச் சிறையில் வைப்பதா ஜாமீனில் விடுவதா என்று தீர்மானிப்பது நீதிபதியின் வேலை. அதை அவர் கையில் இருந்து பிடுங்குவது ஜனநாயக நாடு என்ற அந்த வாக்கியத்தையே தொடுகிறது, அப்படியானால் கடுமையான வழியில்தான் வந்திருக்க வேண்டும், வரவில்லை என்றது பிரிவி கவுன்சில்.

பொதுக்குழுவைக் கூட்டாமல் விற்ற கோவில் நிலம் இதுதான். போட வேண்டியவர் போட்டார், அரசிதழும் வந்தது, பல வருடம் அதைச் சட்டம் என்றே நம்பினார்கள். சாசனத்துக்கு முரணான எந்தச் சட்டமும் முரண்படும் அளவுக்குச் செல்லாது என்று 2-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த முரணை யாருடைய கையெழுத்தும் சரிசெய்யாது.

கையெழுத்து ஒன்று, நடைமுறை வேறொன்று

கடைசியாக ஒரு சின்னக் குழப்பம். ஒப்புதல் பெற்று, அரசிதழில் வந்த சட்டம்கூட உடனே நடைமுறைக்கு வராமல் இருக்கலாம். எந்த நாள் முதல் என்பதைப் பின்னால் ஒரு பிரகடனத்தில் சொல்வதாகச் சட்டமே ஒத்திப் போடுவது மொரீஷியஸில் சகஜம். பிரகடனம் என்றால் இந்தத் தேதியில் இருந்து இது நடைமுறை என்று ஜனாதிபதியின் பெயரில் வரும் அறிவிப்பு. சம வாய்ப்புச் சட்டம் 2008-இல் நிறைவேறியது, நடைமுறைக்கு வந்தது 2012 ஜனவரி 1-ஆம் தேதி. இடையில் இருந்த வருடங்களில், சாதி, இனம், மதம் பார்த்து வேலை மறுத்தார்கள் என்று அந்தச் சட்டத்தைக் காட்டிப் புகார் கொடுக்க வழியில்லை. அப்படிப்பட்ட சட்டத்தை "செல்லாத சட்டம்" என்று எதிர்க்கட்சி பேசுவதும், "சட்டம் போட்டுவிட்டோம்" என்று ஆளும் கட்சி மார்தட்டுவதும் ஒரே அளவு தப்பு.

தேதியைச் சொல்லும் கையெழுத்திலும் தப்பு நேரலாம். தென்னாப்பிரிக்காவில் 1999-இல் மருந்துக் கட்டுப்பாடு பற்றிய ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் பிரகடனத்தில் ஜனாதிபதி கையெழுத்திட்டார். சட்டம் வேலை செய்வதற்குத் தேவையான விதிகளும் மருந்துப் பட்டியல்களும் அப்போது தயாராகவே இல்லை. தப்பு தெரிந்ததும் அரசாங்கமே மருந்துக் கம்பெனிகளின் சங்கத்தோடு சேர்ந்து நீதிமன்றத்துக்குப் போனது. 2000-இல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தப் பிரகடனத்தை ரத்து செய்தது. ஜனாதிபதி நல்ல எண்ணத்தில்தான் போட்டார், ஆனாலும் எடுத்த முடிவில் நியாயமான காரணம் இருக்க வேண்டும், இங்கே இல்லை என்றது. இதில் ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்ற சண்டையே இல்லாததால்தான் விஷயம் இவ்வளவு சீக்கிரம் முடிந்தது என்பது என் எண்ணம்.

மொரீஷியஸ் சட்டம் ஒன்று இன்றைக்கு உங்கள் மீது பாயுமா என்று தெரிய வேண்டுமானால், முதல் பக்கத்து ஒப்புதலோடு நிறுத்தாமல் கடைசிப் பக்கம் வரை போங்கள். நடைமுறைக்கு வரும் நாள் பற்றிய பிரிவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பிரகடனத்தின் மூலம் என்று அதில் எழுதியிருந்தால், அந்தப் பிரகடனம் வந்துவிட்டதா, எல்லாப் பிரிவுகளுக்குமா அல்லது சிலவற்றுக்கு மட்டுமா என்று அரசிதழில் தேட வேண்டும்.